சுவரில் உட்கார்ந்து அழுத பையன்: டூர் டி பிரான்ஸ் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டூர் டி பிரான்ஸ் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜூலை மாதத்தில் உங்கள் சைக்கிள் பந்தயம் பிரனீஸ் மலைக்குள் நுழைந்தால் போதும், அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் எங்கிருந்தாவது வந்துவிடும். சாலையோரக் கல் சுவரில் ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் முன் சக்கரம் இல்லாத சைக்கிள். அவன் அழுகிறான். கீழே ஒரு வரி: தலைவனுக்காகத் தன் வெற்றியைத் தியாகம் செய்த ரெனே வியெத்தோ, 1934.

பல வருடங்களாக நானும் இதை நம்பி, பார்க்கும்போதெல்லாம் கண்கலங்கியவன்தான். அப்புறம் ஒருநாள் 1934இன் முடிவுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்துதான் இந்த மடல்.

முதலில் அன்று நடந்தது. வியெத்தோவுக்கு வயது 20. கான் நகரை ஒட்டிய லே கன்னே ஊர்க்காரர். ஹோட்டலில் லிஃப்ட் பையனாக வேலை பார்த்தவர். அந்த ஆண்டுதான் அவருக்கு முதல் டூர். ஆல்ப்ஸ் மலையில் யாராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. கிரனோபிள், தீஞ், கடைசியில் சொந்த ஊர் வாசலான கான் என்று மூன்று கட்டங்களை, அதாவது ஒருநாள் ஓட்டங்களை, வென்றார். ஆனால் மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் போடும் மஞ்சள் சட்டை அதே பிரான்ஸ் அணியின் அந்தோனன் மாஞ் உடலில் இருந்தது. இரண்டாம் கட்டத்திலிருந்தே அவர்தான் முன்னணி.

பெர்ப்பிஞானிலிருந்து ஆக்ஸ்-லே-தெர்ம் போகும் 15ஆம் கட்டத்தில், புய்மோரன்ஸ் கணவாயின் இறக்கத்தில் மாஞ் விழுந்தார். முன் சக்கரம் போயிற்று. வியெத்தோ தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டிக்காகச் சுவரில் காத்திருந்தார். படம் அப்போது எடுத்ததுதான். அன்று கட்டத்தை வென்றவரும் இதே அணிக்காரர், ரோஜே லாப்பெபி. அவர் வெற்றிக்கோட்டைக் கடந்த படத்தை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

மறுநாள் நடந்தது இன்னும் கொடுமை, அதைத்தான் நீங்கள் குறைவாகச் சொல்கிறீர்கள். போர்த்தே தாஸ்பே கணவாயின் இறக்கத்தில் வியெத்தோ முன்னால் போய்க்கொண்டிருந்தார். பின்னால் மாஞ் சைக்கிள் பழுதாகி நிற்கிறார் என்று செய்தி வந்தது. பையன் சைக்கிளைத் திருப்பினார். இறங்கி வந்த மலையில் மறுபடி ஏறிப் போய்த் தலைவருக்கு உதவிவிட்டு, மறுபடியும் காத்திருந்தார். போட்டியில் எதிர்த்திசையில் சைக்கிள் மிதிப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளி நாட்களில் மறந்துபோன டிபன் பாக்ஸை எடுக்கப் பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புவதற்கே நான் அழுதிருக்கிறேன்.

சரி, கணக்குக்கு வருகிறேன். பாரிஸில் மாஞ் முதலிடம். 27 நிமிடம் 31 விநாடி பின்னால் இத்தாலியின் மர்த்தானோ. லாப்பெபி மூன்றாவது. வியெத்தோ ஐந்தாவது, மாஞ்சைவிட 59 நிமிடம் பின்தங்கி. யாரும் அந்தச் சுவரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு நாளில் அவர் இழந்தது சில நிமிடங்கள். அவற்றைத் திருப்பிக் கொடுத்தாலும் அவர் மர்த்தானோவைக்கூடத் தாண்டமாட்டார். மலையில் அவர் ராஜா. சமவெளியில் அப்படி இல்லை.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அவர் செய்தது சின்ன காரியம் என்று நான் சொல்லவில்லை. தோற்கும் பந்தயத்திலும் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது பெரிய காரியம்தான். மாஞ்சும் வில்லன் இல்லை. மஞ்சள் சட்டை போட்டவரை அணி காப்பாற்றுவதில் என்ன தப்பு? என் வழக்கு உங்களோடுதான்.

அந்தப் பையனை அங்கே உட்கார வைத்தது யார்? இன்றைக்கு சக்கரம் உடைந்தால் பின்னால் வரும் காரிலிருந்து சில விநாடிகளில் வேறு சைக்கிளே கிடைத்துவிடும். அன்று மலை இறக்கத்தில் உடனே கிடைக்கக்கூடிய சக்கரம், பக்கத்தில் வரும் இன்னொரு வீரனின் சக்கரம் மட்டும்தான். இது தற்செயல் இல்லை. பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்ஜுக்கு, வீரன் தன் கஷ்டத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வேதவாக்கு. 1913இல் யூஜின் கிறிஸ்தோஃபுக்கு தூர்மலே மலை இறக்கத்தில் முன்ஃபோர்க், அதாவது முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை, உடைந்தது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, சேந்த்-மரி-த-காம்பான் கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி ஒட்டவைத்தார். அதிகாரி பக்கத்தில் நின்று பார்த்தார். துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவினான் என்பதற்காக அபராத நிமிடங்கள் வேறு. தலைவருக்கு உழைக்கும் வீரனை இன்றும் ‘தொமெஸ்திக்’, அதாவது வீட்டு வேலைக்காரன், என்கிறீர்களே. 1911இல் மோரிஸ் புரோக்கோ என்ற வீரரைத் திட்டுவதற்காக தெக்ராஞ்ஜ் போட்ட சொல் அது.

1930இல் தேசிய அணிகள் வந்தபோது சைக்கிள்களையும் பந்தயத்தை நடத்திய லோத்தோ பத்திரிகையே கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் சைக்கிள், கம்பெனிப் பெயர் கிடையாது. கியர் மாற்றியும் கிடையாது. அதற்கு 1937வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேறு கியர் வேண்டுமானால் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். விதியும் உங்களுடையது, சாமானும் உங்களுடையது. கண்ணீரை மட்டும் தியாகம் என்று அந்தப் பையன் பேரில் எழுதிவிட்டீர்கள்.

அதோடு, அந்த இரண்டு நாளோடு அவர் கதையை முடித்துவிடுகிறீர்கள். சில நாளிலேயே அவர் பிரனீஸின் கடைசிக் கட்டத்தை, பௌ நகரில், வென்றார். மலை வீரர் பட்டமும் அவருக்கே. 1935இல் பாரிஸ்–நீஸ் பந்தயத்தையும் வென்றார். 1939இல் பிரான்ஸ் அணியில்கூட இல்லை. தென்கிழக்கு வட்டார அணிக்காக ஓடி, 11 நாள் மஞ்சள் சட்டையை வைத்திருந்தார். இஸ்வார் மலையில் பெல்ஜியத்தின் சில்வேர் மாஸ் அதைப் பறித்துக்கொண்டார். வியெத்தோ இரண்டாம் இடம். அதன்பின் போர். ஏழு வருடம் டூரே இல்லை. 25 வயதில் இரண்டாமிடம் பிடித்தவர் அடுத்த டூரைத் தொடங்கும்போது 33. அதிலும் 15 நாள் மஞ்சள் சட்டை! பாரிஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வானிலிருந்து சேன்-பிரியேவரை 139 கிலோமீட்டர் தனியாக ஓட்ட வேண்டிய நேரப் போட்டியில் அது கையைவிட்டுப் போயிற்று. மறுபடியும் ஐந்தாமிடம்.

மொத்தம் 26 நாள். டூரை ஒருமுறையும் வெல்லாமல் அத்தனை நாள் மஞ்சள் சட்டை போட்டவர் வெகுகாலம் வேறு யாரும் இல்லை. 2012இல் ஸ்விட்சர்லாந்து வீரர் கான்செல்லாராதான் அந்த எண்ணிக்கையைத் தாண்டினார். நீங்கள் காட்டும் 1934இல் அவர் அதை ஒருநாள்கூடப் போடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

என் வேண்டுகோள் பெரியது இல்லை. அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதன் கீழுள்ள வரியை மாற்றுங்கள். விதி என்ன, அதைப் போட்டது யார், அவர் எத்தனை நிமிடம் பின்னால் முடித்தார் என்று எழுதுங்கள். காம்பான் பட்டறையில் கிறிஸ்தோஃபுக்கு ஒரு பலகை இருக்கிறதே, அதை வைத்தவர்கள் நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறார்கள்.

நீஸுக்குப் பின்னால் உள்ள பிராஸ் கணவாயில் வியெத்தோவுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. உங்கள் பாதை அடுத்து அந்தப் பக்கம் போகும்போது, ஹெலிகாப்டர் கேமராவை ஒரு நிமிடம் அங்கே நிறுத்தி, அவர் மஞ்சள் சட்டையில் இருக்கும் 1939ஆம் வருடப் படம் ஒன்றைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஜூலை முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு ரசிகன்