செயலாளரின் ஆண்டறிக்கை: அருவியாற்று முகத்துவாரத்தில் இரண்டு பேர்

தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

நம் பறவை நோக்குவோர் சங்கத்தின் நிர்வாகசபை இவ்வாண்டு நான்கு தடவை கூடியது. சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் சொல்லுவார். அவர் சொன்னால்தான் காசு வரும். மழையால் தவறிய மாதாந்தச் சுற்றுகளை விட்டுவிட்டு, தை மாதக் கணக்கெடுப்புக்கு வருகிறேன்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடப்பது. அதையொட்டி நாங்களும் காலை ஐந்தரைக்கு, மன்னார் மாவட்டத்தில் அருவியாற்றின்மேல் உள்ள அரிப்புப் பாலத்தடியில் கூடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். வந்து நின்றவர்கள் பொருளாளரும் நானும்தான். பனி அப்படி. போர்வைக்குள் கிடந்தவர்களில் குறையில்லை, நானும் திரும்பத்தான் பார்த்தேன். ஆனால் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நண்பரான மனிதர், தலையில் துவாயைச் சுற்றி, கையில் தேத்தண்ணிப் பிளாஸ்க்கோடு நிற்கும்போது எப்படிப் போவது?

விடியும்வரை சத்தம் மட்டும். எங்கோ ஒரு கோட்டான் (ஆந்தையல்ல, நீண்டு வளைந்த சொண்டுள்ள கரைப்பறவை) நீட்டி அழைத்தது. மூட்டம் விலக, 164 கிலோமீற்றர் ஓடிவந்த ஆறு கொண்டுவந்து போட்ட சேற்றுத் திட்டு முழுக்க உள்ளான்கள் என்ற சிறு கரைப்பறவைகள். நம் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை. அந்தக் கொஞ்ச வற்றில் தெரியும் சேற்றில்தான் அவற்றின் சாப்பாடு. சிறு சொண்டுக்காரர் மேலோடு கொத்த, கோட்டான் வளைந்த சொண்டை ஆழ விட்டு நண்டைக் கிளறியது.

நான் எண்ண, அவர் கொப்பியில் குறித்தார். பாதியில் ஒரு பருந்து தாழ வர, கூட்டம் முழுவதும் எழும்பி, கடல்மேல் மடிந்து திரும்பி, வேறிடத்தில் இறங்கியது.

“எங்கை விட்டனாங்கள், மச்சான்?”

மூன்று தரம் இப்படி. கடைசியில் உள்ளான் கட்டத்தை வெறுமையாக விட்டோம். சங்கக் கணக்கில் ஐந்து ரூபாய் பிசகினாலும் நித்திரை கொள்ளாதவர், அன்று சிரித்தபடி கொப்பியை மூடினார் என்பதைப் பதிவுசெய்கிறேன்.

திரும்பும் வழியில் வங்காலை. 2008இல் சரணாலயமாகி, 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த 4,839 ஹெக்டேயர். வடக்கே சைபீரியப் பக்கமிருந்து வரும் ஊசிவால் வாத்துகள் மிதக்க, தூரத்தில் பூநாரைகள் ஒரு இளஞ்சிவப்புக் கோடாய் நின்றன. பிளாஸ்க்கில் மிச்சமிருந்ததை மூடியில் ஊற்றிக் குடித்தோம். அது ஆறியிருந்தது.

சங்கத்திடம் உள்ள ஒரே தொலைநோக்கியின் இடக்கண்ணில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வரும் தை மாதத்துக்குள் திருத்த அனுமதி வேண்டுகிறேன். குறைந்தது நாலு பேராவது வாருங்கள், ஒருவர் பருந்தைப் பார்த்துக்கொள்ளலாம். தேயிலை, சீனிச் செலவு கணக்கறிக்கையில் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்