புல்தரைப் பராமரிப்புக்கும் ஒரு சான்றிதழ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் தங்கள் நாளிதழில் வரும் வேலைவாய்ப்பு வழிகாட்டிப் பக்கங்களை நான் விடாமல் படித்து வருகிறேன். அவற்றில் இதுவரை என் கண்ணில் படாத ஒரு தொழிலைப் பற்றி எழுத விரும்புகிறேன். கோல்ஃப் மைதானங்களின் புல்தரையைப் பராமரிக்கும் தொழில் அது. சென்னையிலும் வெளியூர்களிலும் அந்தத் தொழிலில் பல ஆண்டுகள் இருந்து, மேற்பார்வையாளராக ஓய்வுபெற்று, இப்போது தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வட சென்னையில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனாலும் சென்னையில் என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எண்ணூர்ப் பக்கத்திலிருந்து விடியுமுன் மின்சார ரயில் பிடித்து, கடற்கரை நிலையத்தில் வண்டி மாறி வந்தவர்கள். அவர்கள் கற்றுத் தேர்ந்த வேலை எந்தக் காகிதத்திலும் பதிவாகவில்லை என்பதே என் மனக்குறை.

புல் வெட்டுவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. குழி அமைந்திருக்கும் பகுதியான கிரீனில் புல்லை ஏறத்தாழ மூன்று, நான்கு மி.மீ. உயரத்தில், பெரும்பாலும் தினமும் வெட்ட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு அங்கே வளர்ப்பது நம் அருகம்புல்லும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றும் கலந்து உருவாக்கப்பட்ட கலப்பின வகைகளை. இலை அவ்வளவு குட்டையாக இருந்தால் செடி தனக்கு வேண்டிய உணவைத் தயாரிக்கவே திணறும்; வேரும் ஆழமாக இறங்காது. அக்னி நட்சத்திர நாளொன்றில் தண்ணீர் தெளிக்கும் குழாய்த் தலைகளில் ஒன்று அடைத்துக்கொண்டதை மதியத்துக்குள் கவனிக்காவிட்டால் மாலையில் அந்த இடம் வெளுத்துப்போயிருக்கும். அதற்காகப் பயந்து தண்ணீரை அதிகமாக விட்டால் பூஞ்சை நோய் வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெயிலும் இல்லாமல் தரையும் காயாமல் இருக்கும்போது, இன்று வெட்டலாமா, விட்டுவிடலாமா என்று இருட்டோடு தரையை மிதித்துப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு ஒருவருடையது. அந்த முடிவு தவறினால் கிரீன் தேற வாரக்கணக்கில் ஆகும்.

மண்ணுக்குள் நடப்பது இன்னும் நுட்பமானது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறைப்படி அமைக்கப்படும் கிரீனில், அடியில் வடிகால் குழாய்களும், அவற்றின் மேல் சுமார் 10 செ.மீ. சரளையும், அதற்கும் மேல் சுமார் 30 செ.மீ. மணல் கலவையும் இருக்கும். எத்தனை பேர் மிதித்தாலும் மணல் எளிதில் இறுகாது, தண்ணீரும் தேங்காது; ஆனால் உரத்தைப் பிடித்து வைக்கும் சக்தி அதற்குக் குறைவு என்பதால், உரத்தைச் சிறிது சிறிதாகப் பல முறை கொடுக்க வேண்டும். பிறகு காற்று உள்ளே இறங்குவதற்காகக் குழல் போன்ற ஊசிகளால் தரை முழுவதும் துளையிட்டு, வெளிவரும் மண் உருளைகளை அள்ளிவிட்டு, சலித்த மணலைத் தூவித் தேய்த்து நிரப்ப வேண்டும். ஓப்பன் என்ற புகழ்பெற்ற கோல்ஃப் போட்டியின் பட்டத்தை நான்கு முறை வென்ற ஓல்ட் டாம் மாரிஸ், 1860-களின் நடுப்பகுதியிலிருந்து 1903 வரை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தார் என்பதையும், மணல் தூவும் வழக்கம் பரவ அவர் முக்கியக் காரணம் என்பதையும் இளைஞர்களுக்கு நான் தவறாமல் சொல்வதுண்டு. பட்டம் வென்ற ஒருவர் கௌரவமாகச் செய்த வேலை இது என்று தெரிந்ததும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் வட சென்னைப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே கைவரக்கூடிய ஒரு பகுதி இருக்கிறது. கிரீனில் ஓடும் உருளை மோவர் என்னும் புல்வெட்டும் இயந்திரத்தில் சுழலும் கத்திக்கும் அடியிலுள்ள நிலைக்கத்திக்கும் இடையே ஒரு தாள் செல்லும் அளவுக்குத்தான் இடம் இருக்கலாம். அந்த அமைப்பு பிசகினால் கத்தி புல்லை நறுக்காமல் கிழிக்கும். கிழிந்த நுனி வழியாக நோய் நுழையும். ஆகவே கத்தியைச் சாணை பிடித்துச் சரியாகப் பொருத்தத் தெரிந்த மெக்கானிக் இல்லாத மைதானத்தில் எவ்வளவு உரம் போட்டும் பயனில்லை. லேத் பட்டறைகளும், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், எண்ணூர் லாரித் தொழிற்சாலையும் சூழ வளர்ந்த நம் பகுதியில், ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ டீசல் மெக்கானிக்கோ படித்துவிட்டு ஒப்பந்த வேலைக்கு அலையும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாது.

படிநிலையும் உண்டு. கோரை பிடுங்குவதிலும் பங்கர் எனப்படும் மணற்பள்ளங்களின் மணலை வாருவதிலும் தொடங்கி, மோவர் ஓட்டுநர், மருந்து தெளிப்பவர், பாசனப் பொறுப்பாளர், ஃபோர்மேன், உதவிக் கண்காணிப்பாளர் என்று உயரலாம். கண்காணிப்பாளர் பதவிக்குப் பெரும்பாலும் வேளாண்மை அல்லது தோட்டக்கலை படித்தவர்களையே தேடுகிறார்கள். வளைகுடா நாடுகளிலும் வாய்ப்பு இருக்கிறது. துபாயின் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப் 1988-இல் திறக்கப்பட்டதிலிருந்து அங்கே புல்தரை மைதானங்கள் பெருகியுள்ளன. அருகம்புல் கலப்பினங்களும், உப்பைத் தாங்கும் பாஸ்பாலம் புல்லும் அங்கே பரவலாக உள்ளன. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிய கதையை அறிந்தவர்களுக்கு, உப்புத் தண்ணீரில் பயிரைக் காப்பது எவ்வளவு கடினம் என்று விளக்க வேண்டியதில்லை. வெளிநாடு செல்ல நினைப்பவர்கள் முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு இருந்தும் இந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் மாலி, அதாவது தோட்டக்காரர், என்ற ஒரே பெயரில் ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறார்கள். வெளியூர் மைதானம் ஒன்றில், அதிகாலைப் பனி படிந்த புல்லைப் பார்த்தே எந்த நோய் தொடங்குகிறது என்று சொல்லிவிடும் ஒரு தொழிலாளியை, ஒப்பந்தக்காரர் மாறியவுடன் புதிய ஆளாகச் சேர்த்து அடிமட்டக் கூலி போட்டார்கள். அவர் அனுபவத்தைக் காட்ட அவரிடம் ஒரு தாள்கூட இல்லை. பெண்களின் நிலை இதைவிட மோசம். களை எடுப்பதற்கு மேல் அவர்களை இயந்திரத்தின் பக்கம் விட்டதையே நான் பார்த்ததில்லை. 2024 செப்டம்பரில் கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் குத்தகையை மாநில அரசு ரத்து செய்தது. ஒரு கோல்ஃப் மைதானமும் அந்தத் திடலுக்குள் இருந்தது. நகர நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்ற விவாதத்துக்குள் நான் செல்லவில்லை. நிலம் கை மாறும் காலத்தில், சான்றிதழ் இல்லாத தொழிலாளி தன் திறமையை வேறு இடத்துக்கு எப்படிக் கொண்டுசெல்வார் என்பதே என் கேள்வி.

பணக்காரர்களின் விளையாட்டுக்கு அரசு எதற்கு ஆள் தயாரிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கல்வி கோல்ஃபோடு நின்றுவிடுவதில்லை. கிரிக்கெட் மைதானம், கால்பந்துத் திடல், மாநகராட்சிப் பூங்கா எல்லாவற்றுக்கும் இதே அறிவுதான் வேண்டும். கால்பந்தில் பெயர்பெற்ற வியாசர்பாடியின் பிள்ளைகள் கட்டாந்தரையில் முழங்கால் தேய விளையாடுகிறார்கள். திடல் அமைத்தால் மட்டும் போதாது. அதைக் காக்கத் தெரிந்தவர்களும் இங்கேயே இருக்க வேண்டும். கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீர் தொழிற்சாலைகளுக்குச் செல்வது போலத் திடல்களுக்கும் வந்தால் குடிநீரைத் தொட வேண்டியிராது.

மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் தாவரவியல் பூங்கா இருக்கிறது. அங்கே ஒரு மாதிரிப் புல்தரையை அமைத்து, வட சென்னையின் அரசு ஐ.டி.ஐ.களோடு சேர்ந்து ஆறு மாதப் பயிற்சி ஒன்றைத் தொடங்கலாம். புல் வகைகள், மண், பாசனம், மோவர் பராமரிப்பு ஆகியவற்றோடு, பூச்சிமருந்தைக் கையுறையும் முகமூடியும் அணிந்து தெளிக்கும் முறையும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். வெறுங்கையால் மருந்து கலக்கியவர்களின் தோலை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களை வகுப்பில் உட்கார வைக்கத் தேவையில்லை. அவர்கள் அனுபவத்தைச் சோதித்து நேரடியாகச் சான்றளிக்கும் முறை திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் இருக்கவே இருக்கிறது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகமும் தோட்டக்கலைத் துறையும் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்றும், தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வரும் கல்வியாண்டுக்கு முன் இந்தத் தொழிலுக்கு இடம் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.