இணைப்புக் குழாய்க்கும் ஆயுள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் தண்ணீர் வீணாவதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சொட்டும் குழாய்தான் நம் நினைவுக்கு வருகிறது. சொட்டும் குழாய் கண்ணில் படும், இரவில் காதிலும் விழும். ஆனால் வாஷ்பேசினுக்கு அடியிலும், கழிப்பறை ஃப்ளஷ் டேங்குக்குப் பின்னாலும், கீசருக்கு மேலும், சுவரிலிருந்து வரும் நீரைச் சாதனத்துக்குக் கொண்டுசேர்க்கும் வளையும் இணைப்புக் குழாயை, அது வெடிக்கும் நாள்வரை எவரும் ஒருமுறைகூடக் குனிந்து பார்ப்பதில்லை. அந்தச் சிறு பொருளைப் பற்றி எழுதவே இக்கடிதம்.

சென்ற ஆண்டு நாங்கள் இரண்டு நாள் வெளியூர் சென்றுவிட்டுத் திரும்பியபோது, கதவைத் திறக்கும் முன்பே வாசற்படியின் கீழ் ஈரம் கசிந்திருந்தது. உள்ளே எல்லா அறைகளிலும் கணுக்கால் நனையும் அளவுக்குத் தண்ணீர். மரக்கதவுகளின் அடிப்பகுதி உப்பிவிட்டது. அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்த, என் பெற்றோரின் திருமணப் படங்கள் அடங்கிய ஆல்பம் ஒரே கட்டியாக ஒட்டிப்போயிற்று. கதவை மாற்றிவிட்டோம். படங்கள் போனவை போனவைதான். இத்தனைக்கும் காரணம், ஃப்ளஷ் டேங்குக்குச் செல்லும் இணைப்புக் குழாயின் பிளாஸ்டிக் நட் பிளந்ததே. பழுது பார்க்க வந்த பிளம்பர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, ஸ்பேனர் போட்டு அளவுக்கு மீறி இறுக்கியதால் வந்த விரிசல் இது என்றார். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு துளி சொட்டியபோது ஸ்பேனரை எடுத்து இறுக்கியவன் நானேதான். அன்று சொட்டு நின்றது. வேலை முடிந்ததென்று நம்பினேன்.

சொட்டினால் இறுக்குவது நம் கை தானாகவே செய்யும் காரியம் என்பதால், அதில் உள்ள தவறைச் சற்று விளக்க விரும்புகிறேன். ரப்பர் வாஷர் வைத்த இணைப்பில் நீரைத் தடுத்து நிறுத்துவது வாஷரே அன்றி மரை, அதாவது நட்டின் திருகுப்புரி, அல்ல. ஆகவே அங்கே டெஃப்ளான் டேப் சுற்றுவதாலும் பயனில்லை, முழு பலத்தையும் போட்டு இறுக்குவதாலும் பயனில்லை. கையால் இறுகும் வரை திருகி, உலோக நட்டாக இருந்தால் அதன்பின் கால் சுற்று மட்டும் ஸ்பேனரால் திருப்பினால் பெரும்பாலும் போதும். பிளாஸ்டிக் நட்டுக்குக் கையிறுக்கமே போதும். அப்படியும் சொட்டினால், வாஷர் கெட்டிப்பட்டுவிட்டது அல்லது கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கழற்றிப் புது வாஷர் போட வேண்டும். மீறி இறுக்கினால் பிளாஸ்டிக் உடனே உடைவதில்லை. மரையின் அடிப்பள்ளத்தில் இழுவிசை ஓயாமல் தங்கிவிடுகிறது. மயிரிழை போன்ற விரிசல் அங்கே தோன்றி, மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து, யாரும் குழாயைத் திறக்காததால் அழுத்தம் உயர்ந்திருக்கும் ஓர் இரவில் முழுதாகப் பிளக்கிறது. அதனால்தான் காரணத்துக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை நாம் உணர்வதே இல்லை.

அடுத்து, வெளியே பளபளவென்று எஃகுக் கம்பிப் பின்னல் போர்த்திய குழாய்கள். அவற்றில் நீர் ஓடுவது உள்ளே இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழலில்தான். பின்னலின் வேலை, அந்தக் குழல் அழுத்தத்தால் ஊதிப் பெருகாமல் பிடித்து வைப்பது. பின்னலில் சில இழைகள் அறுந்தால் அந்த இடத்தில் குழல் புடைத்து வெடிக்கும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பி நாம் இருந்துவிடுகிறோம். குளோரைடு என்னும் குளோரின் சேர்மம் அந்த எஃகையும் அரிக்கும். பிளீச்சிங் திரவத்தையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் சிங்குக்கு அடியில், மூடிய அலமாரியில், இணைப்புக் குழாய்க்குப் பக்கத்திலேயே வைப்பது பல வீடுகளில் வழக்கம். அவற்றிலிருந்து எழும் ஆவி வெளியேற வழியின்றிப் பின்னலில் படிந்து, இழை இழையாக அதைத் தின்கிறது. அந்தப் புட்டிகளை வேறிடத்துக்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை; இக்கடிதத்தைப் படிப்பவர்கள் இன்றே அதைச் செய்ய வேண்டும் என்று வேண்டுகிறேன்.

பார்த்தால் தெரியும் அறிகுறிகள் உண்டு. பின்னலில் பழுப்புப் புள்ளிகள், விரலில் குத்தும் அறுந்த இழை, பித்தளை நட்டைச் சுற்றிப் படியும் வெள்ளை அல்லது பச்சைப் பூச்சு, மடிந்து நெரிந்த வளைவு ஆகியவற்றில் எது கண்ணில் பட்டாலும் அந்தக் குழாயை மாற்றிவிடுவதே நல்லது. ஆனால் பிளாஸ்டிக் நட்டின் உள்விரிசல் வெளியே தெரியாது. எனவே, பழுதான பின் மாற்றும் பொருளாக இதைக் கருதாமல், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, குறை ஏதும் தெரியாவிட்டாலும், மாற்றும் பொருளாகக் கருத வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயில் இதற்கு மேலும் அவசரம் உண்டு. அதன் வால்வு நொடிப்பொழுதில் மூடும்போது, விரைந்து வந்த நீர் முட்டி நின்று, அழுத்தம் ஒரு கணம் பன்மடங்கு எகிறுகிறது. சுவருக்குள் கேட்கும் ‘டக்’ என்ற ஒலி அதுதான்.

கழிப்பறைக் கைத்தெளிப்பானின் குழாயும் இப்படித்தான்: விசையை விட்டால் நீர் நின்றுவிடுகிறது என்று நாம் போய்விடுகிறோம், மெல்லிய அந்தக் குழாயோ இரவும் பகலும் முழு அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. சுவரிலுள்ள வால்வைப் பயன்படுத்தியவுடன் மூடுவது சரியான பழக்கம்.

வெடித்த குழாய் நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டினால்கூட மணிக்கு 600 லிட்டர் ஆகிறது. 1,000 லிட்டர் தொட்டி இரண்டு மணி நேரம் தாங்காது. தொட்டி இல்லாமல் நேரடியாக வரும் நீராக இருந்தால், யாராவது வந்து மூடும்வரை அது நிற்கவே நிற்காது. ஆகவே வெளியூர் கிளம்பும்போது வீட்டுக்கு நீர் வரும் பிரதான வால்வை மூடிவிட்டே கதவைப் பூட்ட வேண்டும். அந்த வால்வு எங்கே இருக்கிறதென்று வீட்டிலுள்ள எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும்கூட, தெரிந்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைப்புக் குழாய் தொடங்கும் இடத்தில் சுவரிலுள்ள சிறு வால்வுகளான ஆங்கிள் வால்வுகள் எல்லாவற்றையும் முழுக்க மூடித் திறக்கவும் வேண்டும்; ஆண்டுக்கணக்கில் தொடாத வால்வு உப்புப் படிந்து இறுகிப்போய், தேவைப்படும் நேரத்தில் திரும்பாது.

இணைப்புக் குழாய் தயாரிப்பவர்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. தயாரித்த மாதத்தையும் ஆண்டையும், தாங்கக்கூடிய அழுத்தத்தையும் வெப்பத்தையும், கிழித்தெறியும் உறையில் மட்டும் அல்லாமல் நட்டின் மீதே அழியாமல் பொறித்துத் தாருங்கள். இப்போது சிங்குக்கு அடியில் விளக்கு அடித்துப் பார்ப்பவருக்கு, அங்கே தொங்குவது இரண்டு ஆண்டுப் பழையதா, பன்னிரண்டு ஆண்டுப் பழையதா என்று அறிய வழியில்லை. அந்தப் பொறிப்பு வரும்வரை, நான் புதிதாக மாட்டிய ஒவ்வொரு குழாயிலும் தேதி எழுதிய சிறு அட்டையைக் கட்டிவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்