தி. நகருக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய பணத்தில் தம்பிக்கு ஃபீஸ் கட்டியாயிற்று.

கோயில் கொடைக்கு நீ வரவில்லை. ஜவுளிக்கடையில் லீவு இல்லை என்றாய், சரி. நீ எடுத்துத் தந்த சேலையைத்தான் கட்டியிருந்தேன், தெருவே விசாரித்தது. மேலத்தெரு பெரியம்மா மகள் வந்திருந்தாள். ஹாஸ்டல் மாடியேற நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறுகிறாயாம். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறதா? போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நாளெல்லாம் கடையில் நிற்கிறாய். நடப்பதைவிட அசையாமல் நிற்பதுதான் கேடு. கெண்டைச் சதை சுருங்கி விரிந்தால்தான் காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறும். ஒரே இடத்தில் நின்றால் அது கீழேயே தேங்கும். முதுகுச் சதையும் உன்னைத் தாங்கியபடியே இறுகிப்போகும். சுளகை மடியில் வைத்து நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றும் எங்கள் கழுத்துக்கும் இதே கதைதான். ஒரே நிலையில் இருக்கும் சதைக்கு ஓய்வு கிடையாது. என் கழுத்து தெரியுமே உனக்கு.

கூட்டம் இல்லாதபோது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. ஒரு காலைச் சின்னப் பலகைமேல் வைத்து நில், மாற்றி மாற்றி வை. சேலைக் கட்டுகளை எடுக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்துத் தூக்கு. இடுப்பைத் திருகாதே. வெறுந்தரையில் நிற்காதே, மெத்தென்ற செருப்பு வாங்கு. அதற்காக வீட்டுக்குக் குறைத்து அனுப்பினாலும் பரவாயில்லை.

கடையில் ஸ்டூல் கிடக்கிறதாம், சூப்பர்வைசர் முறைப்பாரென்று யாரும் உட்காருவதில்லையாம். கடை வேலைக்காரர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று நம் சட்டசபையில் 2021-லேயே சட்டம் போட்டாயிற்று. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. நின்று வெந்த பெண்கள் கேட்டு வாங்கியது அது. நீ உட்காரு. நாலு பேராகச் சேர்ந்து உட்காருங்கள், தனியாக ஒருத்தியை ஏச மாட்டார்கள். கடையில் நல்ல பெயர் எடு என்றுதான் உன்னை அனுப்பினேன். காலைக் கொடுத்து எடுக்கச் சொல்லவில்லை. இதை என்னிடம் மறைக்கவும் சொல்லவில்லை.

தம்பிக்குப் பரீட்சை நடக்கிறது. ஆடு குட்டி போட்டிருக்கிறது. செருப்பை மறக்காதே.

வார லீவில் ராயப்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. பெரியம்மா மகளையும் கூட்டிக்கொண்டு போ. டாக்டர் சொன்னதை அவள் எனக்குச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
அம்மா