சுட்டால் தெய்வக்குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீமிதித் திருவிழாக் காலம் வந்தால் பக்தர்களுக்கும் பகுத்தறிவாளர்களுக்கும் இடையே உங்கள் கடிதப் பகுதியில் நடக்கும் வழக்கு இந்த ஆண்டும் தொடங்கிவிட்டது. "அம்மன் அருள்" என்கிறது ஒரு தரப்பு. "நாங்களும்தான் மிதித்தோம், எந்த அம்மன் காப்பாற்றினாள்?" என்கிறது மறுதரப்பு. இரு தரப்பும் தத்தம் ஆட்களைப் பார்த்தே பேசுவதாகத் தோன்றுகிறது.

முதலில் நெருப்பு. அடுப்பிலிருந்து உருண்டு விழுந்த நெருப்புக் கங்கைச் சட்டென்று விரலால் எடுத்து உள்ளே போடும் பாட்டி, அதே அடுப்பில் காயும் தோசைக்கல்லை வெறுங்கையால் தொடமாட்டார். கங்கின் சூடு கல்லைவிட அதிகம். ஆனால் கரி அந்தச் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேலே படிந்த சாம்பல் அதையும் தடுக்கும். 12 அடிக் குழியை ஆறேழு எட்டில் கடந்தால் ஒரு பாதம் கங்கில் படுவது மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அரை விநாடி அளவுக்கு. கடவுள் மறுப்பு முழக்கத்தோடு திராவிடர் கழகத்தார் பூக்குழி இறங்கிக் காட்ட முடிவது இதனால்தான். இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-இல் ஒரு லட்ச ரூபாய்ச் சவால் விட்டபோது நெருப்பில் நடக்கச் சொல்லவில்லை. கொப்புளமில்லாமல் அரை நிமிடம் அசையாமல் நிற்கச் சொன்னார். விவரம் தெரிந்தவர். 1978-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

இதுவரை பகுத்தறிவாளர் பக்கம் சரி. அடுத்த எட்டில்தான் இடறுகிறார்கள். காப்புக் கட்டி, விரதமிருந்து, மஞ்சள் சேலையோடு வரிசையில் நிற்கும் பெண்ணிடம் கரியின் வெப்பக் கடத்தலைச் சொன்னால் அவர் மறுக்கப்போவதில்லை. பிள்ளையின் காய்ச்சல் இறங்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டார், இறங்கியது, கடனைத் தீர்க்க வந்திருக்கிறார். சுடும் என்று நினைத்துத்தான் நேர்கிறார். சுடாத ஒன்றை யார் நேர்த்திக்கடனாகச் செலுத்துவார்கள்? "தீச்சட்டி இங்கே, மாரியாத்தா எங்கே?" என்ற முழக்கம் அவர் காதில் ஏச்சாகத்தான் விழும்.

1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்த கதை வேறு. அன்று சனங்கள் கேட்டதே "பால் எங்கே போகிறது?" என்றுதான். பாலில் சாயம் கலந்து, அது சிலைமேல் மெல்லிய படலமாக வழிவதை அறிவியலாளர்கள் காட்டினார்கள். கேட்டதற்குப் பதில் கிடைத்தது.

பக்தர்கள் தரப்பு வாதங்களும் இப்படித்தான் குறி தவறுகின்றன. "கஷ்டம் வந்தால் நீயும் கும்பிடுவாய்", "உன் வீட்டம்மா கோயிலுக்குப் போகிறாரே" என்பவை எதையும் நிறுவுவதில்லை. மனைவியின் விருப்பத்தில் தலையிடாத நாத்திகர் தன் கொள்கைப்படிதான் நடக்கிறார்.

இரு தரப்பும் சேர்ந்து எதிர்க்கக்கூடிய நம்பிக்கை ஒன்று உண்டு: "கால் சுட்டால் விரதத்தில் குறை." இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் புண்பட்டவர்கள் மஞ்சளை அப்பிக்கொண்டு, வெளியே சொல்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள். சுடுவதற்கான காரணங்கள் கண்ணுக்குத் தெரிபவை. பழைய கதவையும் சட்டத்தையும் விறகோடு போட்டால் ஆணி தங்கிவிடும். அந்த இரும்பு தோசைக்கல்லின் வேலையைச் செய்யும். முழுதும் கங்காகாத கட்டையில் சுவாலை இருக்கும். ஈரப் பாதத்தில் கங்கு ஒட்டும். ஓடினால் முன்பாதம் புதைந்து விரலிடுக்கில் கங்கு சிக்கும். வேக நடையே நல்லது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குச் சுட்டதே தெரியாது. எல்லாவற்றிலும் மோசம் கரையேறும் இடத்து நெரிசல். முன்னால் போனவர் அங்கே நின்றுவிட்டால் பின்னால் வருபவர் நெருப்பில் நிற்கிறார், அல்லது விழுகிறார். கைக்குழந்தையோடு இறங்குபவரை நினைத்துப் பாருங்கள்.

இதைக் கழகத்துக்காரர் சொன்னால் சந்தேகப்படுவார்கள், பூசாரி சொன்னால் கேட்பார்கள். எனவே பகுத்தறிவாளர்கள் போய்ப் பேச வேண்டியது பூசாரியிடமும் விழாக் குழுவிடமும்தான், அதுவும் விழாவுக்கு ஒரு மாதம் முன்பே. கறுப்புச் சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சை மட்டும் அன்றைக்கு எடுக்க வேண்டாம்.

நெருப்பைக் கடந்ததும் பால்குழியில் கால் நனைப்பது சடங்கு, அது இருக்கட்டும். ஆனால் அத்தனை கால் பட்ட பால் புண்ணுக்கு ஆகாது. பால்குழிக்குப் பக்கத்தில் நாலு தண்ணீர்க் குழாய் போட்டால், சுட்டவர்கள் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காலைக் காட்டலாம். ஐஸ் வேண்டாம், மஞ்சள் வேண்டாம், கொப்புளத்தை உடைக்க வேண்டாம். பந்தலில் ஒலிபெருக்கி எப்படியும் இருக்கிறது. "கால் சுட்டால் தெய்வக்குற்றம் ஒன்றுமில்லை, குழாய்க்கு வாங்க" என்று பூசாரியே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.