கறுப்புப் பொட்டுகளை எண்ணிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பிரெஞ்சு இளைஞர் விக்டர் வெம்பன்யாமாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட்டுக்குப் போக மிச்சமிருந்த இடத்தில் கூடைப்பந்துக்கும் நான்கு பத்தி ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த நான்கு பத்தியிலும் இருந்தவை இரண்டே செய்திகள். அவருடைய பலம் ஏழடி நான்கு அங்குல உயரம். பலவீனம் ஒல்லியான உடம்பு. இதை எழுத ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஓர் அளவு நாடாவும் எடை பார்க்கும் கருவியும் போதும்.

நான் கிருஷ்ணகிரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குறுவட்டப் போட்டி தொடங்கி வருவாய் மாவட்டப் போட்டி வரை மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதியிருக்கிறேன். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் ஆட்டங்கள் நமக்குக் காலை நேரத்தில் வருகின்றன. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் கைப்பேசியில் அதற்கு வழி செய்து கொடுத்திருக்கிறான். இட்லி வேகும் நேரத்தில் இரண்டாம் கால் பகுதி முடிந்துவிடும். இந்தப் பையனை அவர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு வந்த நாளிலிருந்தே கவனித்து வருகிறேன். தங்கள் கட்டுரை அவருடைய முதல் இரண்டு பருவங்களை எடுத்துக்கொண்டிருப்பதால் நானும் அவற்றோடு நின்றுகொள்கிறேன்.

உயரம் மட்டும் பலமாகிவிடாது என்பதற்கு என்.பி.ஏ.விலேயே சாட்சி உண்டு. சூடானிலிருந்து வந்த மனூட் போல் ஏழடி ஏழு அங்குலம். தம் முதல் பருவமான 1985-86இல் ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்து எறிதல்களைத் தடுத்தவர். ஆனால் மொத்த ஆட்ட வாழ்க்கையில் அவருடைய புள்ளிச் சராசரி 2.6தான். பந்து கைக்கு வந்ததும் என்ன செய்வது என்ற கேள்விக்கு உயரம் பதில் சொல்லாது.

வெம்பன்யாமா முதல் பருவத்தில் 71 ஆட்டம் ஆடினார். சராசரி 21.4 புள்ளிகள், 10.6 ரீபவுண்ட் (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 3.6 பிளாக் (எதிரியின் எறிதலைத் தடுப்பது). அந்த ஆண்டின் சிறந்த அறிமுக வீரர் விருதை வாக்களித்த அத்தனை பேரும் அவருக்கே கொடுத்தார்கள். தங்கள் கட்டுரையில் இந்த எண்கள் இருந்தன. இல்லாத எண் ஒன்று இருக்கிறது. என்னைப் போன்றவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். அவர் செய்த பவுல்கள், அதாவது எதிரியின் மேல் விதி மீறிப் படும் தவறுகள், ஆட்டத்துக்கு இரண்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். போட்ட பிளாக்குகளைவிடச் செய்த பவுல்கள் குறைவு. பத்தொன்பது, இருபது வயதில் இது எளிதில் வராது. நெட்டையான பிள்ளைகளைக் களத்தில் இறக்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். எதிரி எம்பினால் இவர்களும் எம்புவார்கள், கையை மேலிருந்து கீழே இறக்குவார்கள், விசில் ஊதும். மூன்றாம் கால் பகுதி முடிவதற்குள் ஐந்து பவுல் ஆகி வெளியே வந்து உட்கார்ந்து அழுவார்கள். நம் விதிப்படி ஐந்து, அங்கே ஆறு.

அவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் முதலில் எம்புவதில்லை. எறிபவரின் கால் தரையை விட்ட பிறகுதான் இவர் கால் கிளம்புகிறது. கை செங்குத்தாக இருக்கிறது, வீசுவதில்லை. தட்டிய பந்தையும் கூட்டத்தின் கைத்தட்டலுக்காக வெளியே அடிப்பதில்லை. பல நேரம் தன் அணிக்காரர் கைக்குப் போகும்படி மெதுவாகத் தட்டிவிடுகிறார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் ஆடும் பன்னாட்டு விதியில் தடுப்பவர் கூடைக்குக் கீழேயே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்.பி.ஏ.வில் அப்படி முடியாது. யாரையும் நெருங்கிக் காக்காமல் கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் அது தவறு. ஆகவே அவர் வெளியே போய்ப் போய்த் திரும்பி வர வேண்டும். வந்தும் தடுக்கிறார். ஓர் அறிமுக வீரர், பருவத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் ஐவரைக் கொண்ட அனைத்துத் தடுப்பாட்ட முதல் அணியில் இடம்பெற்றது என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே முதல் முறை.

இனி பலவீனம். ஒல்லி என்பது ஒரு நிலை, அவ்வளவுதான். 2013இல் யானிஸ் அன்டெடொகூன்போ என்ற வீரர் என்.பி.ஏ.வுக்கு வந்தபோது குச்சி போல இருந்தார். முதல் ஆண்டுச் சராசரி 6.8 புள்ளிகள். 2019, 2020 இரண்டு ஆண்டுகளும் அவரே மிகச் சிறந்த வீரர், 2021இல் சாம்பியன். சதையை வயதும் சாப்பாடும் பயிற்சியும் கொண்டு வந்துவிடும். தானாக மாறாதது பழக்கம். வெம்பன்யாமாவிடம் எனக்குக் கவலை தரும் பழக்கம் ஒன்று இருக்கிறது. இடி வாங்க வேண்டிய இடத்தில் அவர் விலகி நின்று எறிகிறார்.

எண்களோடு சொல்கிறேன். 2024-25 பருவத்தில் அவர் ஆட்டத்துக்கு 8.8 முறை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தார். எறிந்த மொத்தப் பந்துகளில் கிட்டத்தட்ட பாதி இது. விழுந்தது 35.2 விழுக்காடு. அதாவது நூறு முறை எறிந்தால் சுமார் 105 புள்ளிகள். அதே பருவத்தில் கோட்டுக்கு உள்ளே அவர் எறிந்தவற்றில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு விழுந்தன. நூறு எறிந்தால் 115ஐத் தாண்டும். எதிரி பவுல் செய்தால் கிடைக்கும், யாரும் தடுக்காத ஒரு புள்ளி எறிதலான பிரீ த்ரோவிலோ அவருடைய கை 83.6 விழுக்காடு. பவுல் வாங்கி இரண்டு எறிதலுக்கு நின்றால், அப்படி நூறு தடவைக்கு 167 புள்ளிகள். இப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு ஆட்டத்துக்கு அவர் எத்தனை பிரீ த்ரோ எறிந்தார்? நான்கை ஒட்டித்தான். முதல் பருவத்தில் ஐந்தை ஒட்டி இருந்தது; கூட வேண்டியது குறைந்திருக்கிறது. அதே பருவத்தில் யானிஸ் பத்துக்கும் மேல் எறிந்தார். இத்தனைக்கும் அவருக்கு விழுவது பத்தில் ஆறுதான். கை சரியில்லாதவர் முட்டி மோதிப் பிரீ த்ரோ கோட்டுக்குப் போகிறார். கை நன்றாக இருப்பவர் தூரத்தில் நிற்கிறார். இது எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர்வாதமும் உண்டு. இவ்வளவு உயரமானவர் வெளியே நின்று எறிந்தால், அவரைக் காப்பவரும் கூடையை விட்டு வெளியே வந்தாக வேண்டும்; உள்ளே மற்றவர்களுக்கு வழி திறக்கும். உண்மைதான். அதற்கு ஐந்து எறிதல் போதும், ஒன்பது வேண்டாம்.

பந்தை இழப்பது பற்றிக் கட்டுரை மூச்சே விடவில்லை. முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 3.7 முறை இழந்தார். அவ்வளவு உயரத்திலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு போனால், தரைக்கும் கைக்கும் இடையே குள்ளமானவர்கள் கை நுழைக்க ஏகப்பட்ட இடம் இருக்கிறது. அடுத்த ஆண்டு 3.2 ஆகக் குறைந்தது. கிறிஸ் பால் என்ற அனுபவசாலி அணிக்கு வந்து பந்தைச் சரியான நேரத்தில் சரியான இடத்தில் கையில் கொடுத்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. இது திருந்திவிடும், இதற்காக நான் தூக்கம் கெடப் போவதில்லை.

2025 பிப்ரவரியில் வலது தோளில் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததால் அவருடைய பருவம் 46 ஆட்டங்களோடு முடிந்தது. தங்கள் கட்டுரையாளர் இதையும் 'பலவீனமான உடம்பு' கணக்கில் எழுதிவிட்டார். ஒல்லியாக இருப்பதால் அது வந்தது என்று எந்த மருத்துவர் அவரிடம் சொன்னார்? விருதுகளுக்குக் குறைந்தது 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்த ஆண்டு அவர் பட்டியலிலிருந்து விழுந்தது அதனால்தான். முதல் பருவத்தில் பயிற்சியாளர் கிரெக் போபோவிச் அவரை ஆட்டத்துக்கு முப்பது நிமிடத்துக்குள்ளேயே நிறுத்தினார். அணி 22 வென்று 60 தோற்ற ஆண்டு அது. தோற்கிறோமே என்று பையனை நாற்பது நிமிடம் ஓட விடவில்லை. எங்கள் பக்கத்தில் ஒட்டு மாங்கன்று வைத்தவர்கள் முதல் சில ஆண்டுப் பூவைக் கிள்ளிவிடுவார்கள். கிள்ளாதவன் தோட்டத்தைப் போய்ப் பார்த்தால் காரணம் விளங்கும்.

இதையெல்லாம் இங்கே உட்கார்ந்துகொண்டு நான் எழுதுவதற்குக் காரணம், கட்டுரையின் அளவுகோல்தான் நம் பள்ளி மைதானங்களிலும் புழங்குகிறது. ஆறாம் வகுப்பில் உயரமாக ஒரு பிள்ளை வந்தால் கூடைக்குக் கீழே நிறுத்தி, 'கையைத் தூக்கிக்கொண்டு நில், பந்து வந்தால் போடு' என்கிறார்கள். பந்து தட்டவோ பாஸ் கொடுக்கவோ கற்றுத் தருவதில்லை. பத்தாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் வளர்ந்துவிடுகிறார்கள். இந்தப் பிள்ளையின் ஆட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி இதற்கு நேர்மாறு. கை அருமையான கை. ஆனால் ஒருமுறை முழங்கை பட்டு உதடு கிழிந்த பிறகு உள்ளே போகவே மாட்டாள். அவளைத் திட்டிப் பயனில்லை. பயிற்சியில் ஒரு விதி வைத்தேன்: ஒருமுறை கட்டத்துக்குள் காலை வைத்துவிட்டு வந்த பிறகுதான் வெளியிலிருந்து எறியலாம். முதலில் வேண்டாவெறுப்பாகத் தொட்டுவிட்டு ஓடி வந்தாள். பிறகு உள்ளேயே பந்து கேட்க ஆரம்பித்தாள். ஸ்பர்ஸ் பயிற்சியாளர்கள் என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கேட்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு வேண்டுகோள். ஸ்கோர் ஷீட்டில் களத்திலிருந்து விழுந்த பந்துக்குச் சாய்கோடு போடுவோம். பிரீ த்ரோ விழுந்தால் கறுப்புப் பொட்டு வைப்போம். எந்த ஆட்டக்காரரின் எண்ணுக்கு நேரே பொட்டுகள் அதிகமோ, அவர் உள்ளே போய் இடி வாங்கியவர். முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்டப் போட்டிகளின் செய்தியில் தாங்கள் வென்ற அணியையும் அதிகப் புள்ளி எடுத்தவரையும் மட்டுமே போடுகிறீர்கள். அடுத்த முறை தங்கள் நிருபரை ஆட்டம் முடிந்ததும் மேசைக்கு வரச் சொல்லுங்கள். நடுவர் கையெழுத்திட்ட தாள் அங்கேதான் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். புள்ளிக்குப் பக்கத்தில் பிரீ த்ரோ எத்தனை, பவுல் எத்தனை என்று இரண்டு எண் சேர்த்துப் போட அரை வரிகூட ஆகாது. இடம் போதவில்லை என்றால் பரிசு வழங்கியவர்களின் பெயர்ப் பட்டியலில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.