ஷெஃபீல்டு நினைவுகளைத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டின் தொழில் வரலாற்றைப் பற்றி நான் தமிழில் எழுதி வந்த கட்டுரைத் தொடர் நிறைவடைந்துவிட்டது. அத்தொடரில் வாசகர்கள் மனம் நெகிழ்ந்து பாராட்டிய பகுதிகள், இந்நகரத்தில் பிறந்து, இதன் பட்டறைகளிலும் ஆலைகளிலும் உழைத்து, முதிய வயதில் தங்கள் நினைவுகளை அயலான் ஒருவனுக்கு மனமுவந்து அளித்த பெரியவர்களுடையவை. அவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியே நன்றி எழுதியிருக்கிறேன். ஆயினும், தாம் படித்த செய்தி யாருடைய வாழ்க்கையிலிருந்து வந்தது என்பதைத் தமிழ் வாசகர்களும் அறிந்திருப்பதே முறை என்று கருதி இம்மடலை எழுதுகிறேன். பலரும் கேட்டுக்கொண்டபடி, நினைவுகளைப் பகிர்ந்தவர்கள் ஒருவரின் பெயரையும் இங்கே வெளியிடவில்லை.

முதல் நன்றி, தந்தையும் பாட்டனாரும் மூசை உலையில், அதாவது மூசை எனப்படும் களிமண் கலத்தில் எஃகை உருக்கும் உலையில், வேலை பார்த்த பெரியவருக்கு உரியது. கடிகாரம் செய்யும் தொழிலாளியான பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன், சுருள்வில்லுக்கு ஏற்ற எஃகு கிடைக்காத குறையால் 1740-களில் மூசையில் எஃகை உருக்கும் முறையை இங்கே வகுத்தார் என்பது எந்த வரலாற்று நூலிலும் கிடைக்கும். அந்த மூசை எப்படிச் செய்யப்பட்டது என்பதை எனக்குச் சொன்னவர் இவர்தாம். களிமண்ணை வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதித்துத்தான் பதப்படுத்துவார்களாம். கண்ணுக்குத் தப்பும் சிறு கல்லும் உள்ளங்காலுக்குத் தட்டுப்படும் என்பதே காரணம். ஒரு கல்லோ காற்றுக் குமிழோ மண்ணில் தங்கிவிட்டால் மூசை உலைக்குள் வெடித்து, காய்ச்சிய எஃகு முழுவதும் நெருப்பில் கொட்டிப் பாழாகும். வேலை முடிந்து வீடு திரும்பிய பாட்டனார் கால்களை நீட்டி அமர்ந்ததும், பாட்டி உள்ளங்கால் வெடிப்புகளில் பன்றிக் கொழுப்பைத் தடவிவிடுவதைச் சிறுவனாகப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். தந்தையின் வேலை அதைவிடக் கடினமானது. தரைமட்டத்தில் இருக்கும் உலைவாயின் மேல் கால்களை அகட்டி நின்று, வெள்ளையாகக் கனலும் மூசையை நீண்ட இடுக்கியால் பற்றித் தூக்க வேண்டும். அதற்காகக் கால்களிலும் கைகளிலும் நனைத்த சாக்கைச் சுற்றிக்கொள்வார்கள். மூசை வெளியே வருவதற்குள் அந்தச் சாக்கு காய்ந்து புகையத் தொடங்கிவிடும். அபிடேல் பட்டறை அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படும் மூசை உலைக் கூடத்துக்கு என்னை அழைத்துச் சென்று, தந்தை நின்றிருக்கக்கூடிய நிலையில் தாமே நின்று காட்டினார். கொடுமணல் அகழாய்வில் வெளிப்பட்ட உலைகளைப் பற்றிப் படித்து வளர்ந்த எனக்கு, அந்தத் தொழிலின் உடல் வருத்தம் எத்தகையது என்பது அன்றுதான் விளங்கியது.

கத்தி, கரண்டி, முள்கரண்டிகளுக்கு மெருகேற்றும் பட்டறையில் இளமையைக் கழித்த மூதாட்டிக்கு என் நன்றி எந்த வகையிலும் குறைந்ததன்று. எண்ணெயும் மணலும் கலந்த சாந்து, சுழலும் சக்கரத்திலிருந்து ஓயாமல் தெறிக்கும் என்பதால், அப்பெண்கள் தலையில் துணி கட்டி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை சுற்றி, வெள்ளை மேலங்கியின் மேல் பழுப்புக் காகிதத்தை இடுப்பிலிருந்து கணுக்கால் வரை நூலால் கட்டிக்கொண்டே வேலை செய்தார்கள். அந்தக் காகிதத்தை எப்படி மடித்தால் குனியும்போது கிழியாது என்பதை, தம் சமையலறை மேசையருகே நின்று, வீட்டில் இருந்த பொட்டலக் காகிதத்தைக் கொண்டே செய்து காட்டினார். நண்பகலுக்குள் முகம் கரியாகிவிடும் என்றும், சக்கரத்தின் இரைச்சலை மீறி எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள் என்றும் சொன்னவர், தெருவில் தங்களைத் தாழ்வாகப் பார்த்தவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலை உயர்த்தினார். எங்களைப் போல் வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தவர்கள் இந்த ஊரில் யாருமில்லை என்பதை நீ கட்டாயம் எழுத வேண்டும் என்றார். எழுதினேன், அம்மா, அந்த வரியைக் குறிப்பிட்டு எனக்கு மடல் எழுதியவர்கள் பலர்.

இரண்டாம் உலகப் போரின்போது எஃகு ஆலையில் பாரந்தூக்கி இயக்கிய தாயின் நினைவுகளைச் சொன்ன மகளுக்கும் நன்றி. போர் முடிந்ததும் ஆலை தம் தாயை வேலையிலிருந்து நிறுத்தி அனுப்பிய கடிதத்தை, இத்தனை ஆண்டுகள் அலமாரியில் காத்து வைத்திருந்ததை, என் கையில் நம்பிக் கொடுத்தார். சில வரிகளே உள்ள அக்கடிதத்தில் நன்றி என்ற சொல்லே இல்லை. அத்தகைய பெண்களுள் நால்வர் தொடங்கிய முயற்சியின் பயனாகத்தான், மார்ட்டின் ஜென்னிங்ஸ் வடித்த எஃகுப் பெண்கள் சிலை 2016-இல் நகர மண்டபத்தின் எதிரே பார்க்கர்ஸ் பூல் பகுதியில் நிறுவப்பட்டது. தம் தாய் அதைப் பார்க்கவில்லை என்பதே அந்த மகளின் குறை.

1940 டிசம்பர் 12, 15 ஆகிய இரவுகளில் நகரத்தின் மீது விழுந்த குண்டுகளைச் சிறுவனாக இருந்து கண்டவர், அந்நினைவைப் பேசுவது எளிதாக இல்லாதபோதும் எனக்காகப் பேசினார். அவ்விரு இரவுகளிலும் 660-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; ஃபிட்ஸாலன் சதுக்கத்து மார்பிள்ஸ் விடுதி இடிந்து விழுந்ததில் மட்டும் ஏறத்தாழ 70 பேர் மாண்டனர். ஜெர்மானியர் அத்தாக்குதலுக்கு மூசை என்னும் பொருள்படும் பெயரையே சூட்டியிருந்தனர். முதல் இரவு நிலவு பகல்போலக் காய்ந்ததையும், மறுநாள் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது எரிந்த டிராம் வண்டிகள் தண்டவாளத்தின்மேல் எலும்புக்கூடாக நின்றதையும், எரிந்த மளிகைக் கடையிலிருந்து வந்த காய்ச்சிய சர்க்கரை வாசனையையும் அவர் சொன்னார். அந்த வாசனையை எந்த ஆவணமும் எனக்குத் தந்திருக்க முடியாது.

ஆவணங்களைத் தேடித் தந்தவர்களையும் மறக்கலாகாது. 1864 மார்ச் 11-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி டேல் டைக் அணை உடைந்து ஏறத்தாழ 240 பேரைக் கொண்டுபோன வெள்ளத்தைப் பற்றி எழுத முனைந்தபோது, நகர ஆவணக் காப்பகத்தினர், பிழைத்தவர்களும் வாரிசுகளும் இழப்பீடு கேட்டுக் கொடுத்த ஏறத்தாழ 7,000 கோரிக்கைகளின் பதிவுகளை எனக்குப் பொறுமையாக அறிமுகம் செய்தனர். படுக்கை, பானை, உடை, பன்றி என்று வரிசையாகக் கேட்கப்பட்டவற்றைப் படித்தால், அன்றைய உழைக்கும் குடும்பம் ஒன்றின் வீடு அப்படியே கண்முன் விரிகிறது.

கெல்ஹம் தீவு அருங்காட்சியகத்தில், கவசத் தகடுகளை உருட்டுவதற்காக 1905-இல் செய்யப்பட்ட 12,000 குதிரைத்திறன் கொண்ட நீராவி இயந்திரத்தை இன்றும் இயக்கிக் காட்டும் தன்னார்வலர்களுக்கும், காசில் சதுக்கத்தில் 1967 முதல் 1994 வரை இருந்த சுரங்க நடைபாதைச் சந்திப்பின் மீன்தொட்டியைப் பற்றி உற்சாகத்துடன் வாதாடிய அண்ணன் தங்கைக்கும் என் நன்றி.

யேமனிலிருந்து இளைஞராக வந்து, எஃகு ஆலையின் உலைக்கருகே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து, சம்மட்டி இயந்திரத்தின் இரைச்சலில் செவித்திறனை இழந்த பெரியவருக்குத் தனியே ஒரு சொல். என் கேள்விகளைத் தங்கள் பேத்தி காதருகே உரக்கச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் நிதானமாக விடை தந்தீர்கள், ஐயா. ஷெஃபீல்டு எஃகு என்ற பெயருக்குள் தங்களைப் போன்றோரின் உழைப்பும் அடங்கியிருக்கிறது என்பதை என் தொடர் உரியவாறு பதிவு செய்திருக்கிறது என்றால், அது தாங்கள் அளித்த நேரத்தால்தான்.

ஒப்புதல் அளித்தவர்களின் ஒலிப்பதிவுகள் அனைத்தையும், தமிழ்க் கட்டுரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து, அவரவர் குடும்பத்தினரிடம் ஒரு படியாக ஒப்படைத்து வருகிறேன். சேர்க்க வேண்டியதோ மாற்ற வேண்டியதோ இருந்தால், தொடர் நூலாவதற்கு முன் எனக்குத் தெரிவிக்குமாறு அவர்களை அன்புடன் வேண்டுகிறேன்.

நன்றியுடன்,
ஷெஃபீல்டில் வாழும் தமிழன் ஒருவன்